வியாபாரியின் மன அழுத்தமும் வீட்டாரின் நிம்மதியும்

"மன அழுத்தம்" என்ற சொல் எமது வியாபாரிகளின் வாயில் அவ்வளவாக வருவதில்லை. அது குளிரூட்டிய அறையில் இருந்து கணினியில் வேலை செய்பவர்களுக்கு வரும் ஒரு வருத்தம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கடையில் இருப்பவரோடு கொஞ்ச நேரம் கதைத்துப் பாருங்கள். "இரவில நித்திரை இல்ல", "கேஸ்ட்ரைட்டிஸ் கூடிட்டுது", "போன் அடிச்சாலே நெஞ்சு படபடக்குது", "வீட்டுக்குப் போனா ஒருத்தரோடயும் பேச மனசில்ல" என்பார். சொல் வேறாக இருந்தாலும் சங்கதி ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தில் வழமையாக விலை, வரி, கணக்கு, சந்தை நிலவரம் என்பவை பற்றியே எழுதப்படுகின்றது. இம்முறை மன அழுத்தத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், சிறு வியாபாரக் குடும்பத்தில் அது பெரும்பாலும் ஒரு கணக்கு விடயமாக இருப்பதுதான். கடையில் ஒரு செக்கின் திகதி பிசகினால், அதன் தாக்கம் அன்றிரவு சாப்பாட்டு மேசைக்கும் மறுநாள் பிள்ளையின் வகுப்பறைக்கும் போய்ச் சேர்கின்றது. அது எந்த வழியால் போகின்றது, எந்த இடத்தில் அதை மறிக்கலாம் என்பதையே இங்கு பார்க்கப் போகின்றோம்.

உடம்பு செய்யும் வேலை

மன அழுத்தம் பற்றிய நவீன ஆய்வுகளுக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர். 1936 இல் "நேச்சர்" சஞ்சிகையில் அவர் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு விசித்திரமான விடயம் இருந்தது. எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட விட்டாலும், அவற்றின் உடம்பு ஒரே மாதிரியாகவே பதில் கொடுத்தது. அட்ரினல் சுரப்பி வீங்கியது. இரைப்பையில் புண் உண்டானது. வந்த துன்பம் எதுவாயினும் உடம்பு எழுப்பும் அபாய மணி ஒன்றுதான்.

மனிதருக்கும் அப்படித்தான். ஆபத்து என்று மூளை கணித்தவுடன் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கின்றது, இரத்த அழுத்தம் ஏறுகின்றது, இரத்தத்தில் சீனி கூடுகின்றது, சமிபாடு மந்தமாகின்றது. பாய்ந்து வரும் நாயிடமிருந்து தப்புவதற்கு இவை அனைத்தும் தேவை. நாய் போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த வியாழக்கிழமை வரவேண்டிய செக் அப்படிப் போகின்ற சாமான் அல்ல. அது வரும் வரைக்கும் மணி அடித்துக்கொண்டே இருக்கின்றது.

வேலைப் பளுவும் மன அழுத்தமும் ஒன்றுதான் என்று நினைப்பது தவறு. நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு புடவைக்கடைக்காரரைப் பாருங்கள். நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருக்கும், கால் கடுக்கும், தொண்டை கட்டும், சாப்பாட்டுக்கு நேரமிராது. ஆனாலும் மனிதர் தெம்பாக இருப்பார். பெருநாள் முடிந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் சரி. அதே மனிதர், பெருநாள் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, கடையில் ஆளே இல்லாத ஒரு பகல் வேளையில், கதிரையில் சும்மா இருந்தபடி வியர்ப்பார். இந்த இரண்டு நாட்களுக்குமிடையிலுள்ள வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

எப்போது வரும் என்று தெரியாத அடி

1970 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் அமெரிக்காவின் ஜே வைஸ் என்ற ஆய்வாளர் இரண்டு எலிகளுக்கு ஒரே அளவான மின்சார அதிர்ச்சியை ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன் ஒரு சத்தம் கேட்கும். மற்றதற்கு எந்த அறிவித்தலும் இல்லை. அடி இரண்டுக்கும் சமம். ஆனால் அறிவித்தலின்றி அடி வாங்கிய எலிக்கே இரைப்பைப் புண் மிகக் கூடுதலாக உண்டானது. சத்தம் கேட்ட எலி, சத்தமில்லாத நேரத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்பதைக் கற்றுக்கொண்டது. மற்றதற்கு நிம்மதியான நேரம் என்று ஒன்றே கிடையாது.

மனிதர் விடயத்தில் இதற்கு நெருங்கிய ஒரு கருத்தை ரொபர்ட் கராசெக் 1979 இல் முன்வைத்தார். வேலை அதிகமாக இருப்பதோடு, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் தன் கையில் இல்லாதபோதுதான் ஒருவர் அதிகமாகப் பாதிக்கப்படுகின்றார் என்பது அவரது முடிவு. பிரித்தானிய அரசாங்க ஊழியர்களை வைத்து 1967 இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வும் இதையொத்த ஒன்றைக் காட்டியது. பெரிய பொறுப்பிலுள்ள மேலதிகாரிகள்தான் மாரடைப்பில் போவார்கள் என்றே பலரும் எண்ணியிருந்தனர். கண்டது மறுபக்கமாக இருந்தது. கடைசித் தரத்து ஊழியர்களின் இதயநோய் இறப்பு, உயர் அதிகாரிகளினதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. புகைத்தலும் இரத்த அழுத்தமும் அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியையே விளக்கின.

செக் புத்தகத்தில் இருக்கும் நோய்

இனி எமது கடைக்கு வருவோம். கெய்சர் வீதியிலிருந்து ஒரு வியாபாரி சரக்கு எடுக்கின்றார். அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று பின் திகதியிட்ட செக்குகளை எழுதிக் கொடுக்கின்றார். எழுதும்போது கை நோவதில்லை. இரண்டு மாதம் என்பது தூரத்தில் இருப்பதாகத் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். கடையில் நாளாந்தம் சராசரியாக 60,000 ரூபாவுக்கு விற்பனை. இலாபம் விற்பனையில் நூற்றுக்கு 20 என்று வைப்போம். அப்படியானால் 12,000 ரூபாதான் கடைக்குரியது. கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம், போக்குவரத்து என்று நாளொன்றுக்கு 7,000 ரூபா போனால் வீட்டுக்கு மிஞ்சுவது 5,000 ரூபா. மீதி 48,000 ரூபா சரக்குக் கொடுத்தவருடையது. எங்கள் லாச்சியில் அது தங்கிச் செல்கின்றது, அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் கடை திறந்தால் செக்குகளுக்கு ஒதுக்கக்கூடியது 288,000 ரூபா. இந்தக் கடைக்காரர் ஒரே வாரத்தில் விழுமாறு 450,000 ரூபாவுக்கு செக் எழுதியிருந்தால், 162,000 ரூபா எங்கிருந்தோ வரவேண்டும். அது வராது என்பது செக் எழுதிய அன்றே தெரிந்திருக்க வேண்டிய விடயம். கணக்குக் கொப்பியில் பார்க்காததால், அதை நெஞ்சு படபடப்பாக இரண்டு மாதம் கழித்து அறிந்துகொள்கின்றார்.

இதற்கு வைத்தியம் மிகச் சாதாரணமானது. ஒரு நாட்குறிப்பை வாங்கி, கொடுத்த ஒவ்வொரு செக்கையும் கொடுத்த நாளில் அன்றி விழும் நாளின் பக்கத்தில் எழுத வேண்டும். வாரக் கடைசியில் அந்த வாரத்துக் கூட்டுத்தொகை. புதிய செக் எழுத முன்பு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. 288,000 ரூபாவைத் தாண்டிய வாரத்துக்கு இன்னொரு செக் எழுதுவதில்லை. விற்பனைக்காரர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. வைஸின் எலிக்குக் கேட்ட சத்தம் இந்தப் பக்கம்தான்.

பிசகும் என்று தெரிந்தால், திகதிக்குப் பத்து நாள் முன்பே சரக்குக் கொடுத்தவருக்கு அழைத்துச் சொல்லிவிட வேண்டும். பாதியை இப்போதும் மீதியை இன்ன திகதியிலும் தருவதாகக் கேட்டால் அநேகமானோர் உடன்படுவர். செக் திரும்பிய பிறகு அதே வார்த்தைக்கு மதிப்பில்லை. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே செக் கொடுப்பது, 1990 ஆம் ஆண்டின் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் குற்றமாகவும் ஆகலாம்.

எல்லாம் எமது கையில் இல்லை என்பதும் உண்மை. 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் கடைகள் எரிந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. இவற்றை எந்த நாட்குறிப்பும் தடுத்திருக்காது. ஆனாலும் மொத்த வியாபாரிகள் பலர் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்திக் கைக்காசு கேட்ட அந்த நாட்களில், சில சிறு வியாபாரிகள் ஒன்றைக் கண்டுகொண்டனர். கடையில் சாமான் குறைந்தது, நித்திரை வந்தது.

நாமே செய்துகொள்ளும் வைத்தியங்கள்

மன அழுத்தத்தை மனிதர் சமாளிக்கும் முறைகளை ரிச்சர்ட் லாசரஸ், சூசன் போக்மன் ஆகிய உளவியலாளர்கள் 1984 இல் வெளியிட்ட தமது நூலில் இரு பெரும் வகைகளாகப் பிரித்தனர். ஒன்று, பிரச்சினையையே கையில் எடுத்துச் சரிசெய்ய முனைவது. மற்றது, பிரச்சினையால் வந்த உணர்வை ஆற்றிக்கொள்வது. இரண்டாவதைக் குறைவாக மதிக்கக்கூடாது. மையித்து வீட்டில் செய்வதற்கு வேலைத்திட்டம் எதுவுமில்லை. அங்கே அழுகையும் தொழுகையும் பக்கத்தில் வந்து உட்காரும் உறவினருமே ஆறுதல். சிக்கல் எங்கே வருகின்றதென்றால், முதலாவது வகை தேவைப்படும் இடத்தில் இரண்டாவதைப் பாவிக்கும்போதுதான். சரக்குக் கொடுத்தவரின் அழைப்பு வந்ததும் போனை அணைத்து வைப்பது அன்றைய மாலைக்கு மட்டும் ஆறுதல் தரும். சிகரட்டும் அப்படியே.

இன்னொரு வகை வைத்தியமும் எமது கடைத்தெருக்களில் உண்டு. அழுத்தத்தை இறக்கி வைப்பதற்குப் பதிலாக இன்னொருவர் தோளுக்கு மாற்றுவது. நண்பரின் செக்கை வாங்கி வங்கியில் போட்டுவிட்டு, அவருக்குத் தன் செக்கைக் கொடுப்பது. சீட்டை நட்டத்துக்கு முன்கூட்டியே எடுப்பது. நாள் வட்டிக்குக் காசு வாங்குவது. மனைவியின் நகையை "ரெண்டு கிழமைக்குத்தான்" என்று சொல்லி அடகுக்குக் கொண்டுபோவது. இந்தக் கடைசி வழியில்தான் கடை முதன்முதலாக வீட்டுக்குள் நுழைகின்றது. அதுவும் பெரும்பாலும் காரணம் சொல்லப்படாமல்.

ஐயோவா விவசாயிகளின் வீடு

1980 களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் காணி விலை சரிந்து, கடன்பட்டிருந்த விவசாயக் குடும்பங்கள் பல நொடித்துப் போயின. ராண்ட் கொங்கர், க்ளென் எல்டர் ஆகிய ஆய்வாளர்கள் 1989 முதல் அம்மாநிலத்தின் கிராமப்புறங்களில் 451 குடும்பங்களைத் தொடர்ந்து அவதானித்தனர். எங்கோ இருக்கும் சோள விவசாயிகளுக்கும் எமது கடைக்காரர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொழிலும் குடும்பமும் ஒரே பணப்பையில் இருப்பதுதான் தொடர்பு.

அவர்கள் கண்டது இது. வருமானம் குறைந்ததால் மட்டும் பிள்ளை நேரடியாகக் கெடவில்லை. பணமுடை பெற்றோரின் மனதைச் சோர்வடையச் செய்தது. சோர்ந்த பெற்றோர் ஒருவரோடொருவர் சண்டையிட்டனர். சண்டையிட்டவர்கள் பிள்ளையிடம் கடுமையாக நடந்தனர், அல்லது கவனிக்காமல் விட்டனர். பிள்ளையின் மனமும் படிப்பும் பாதிக்கப்பட்டது அதன் பின்னரே. கடனுக்கும் பிள்ளைக்கும் இடையில் இத்தனை படிகள் இருக்கின்றன என்பது நல்ல செய்திதான். கடனை இன்றைக்கு அடைக்க முடியாவிட்டாலும் இடையிலுள்ள ஒரு படியில் அதை மறிக்கலாம். அதே ஆய்வின் தொடர்ச்சியில், பணப் பிரச்சினையை ஒருவரையொருவர் குறை கூறாமல் பேசித் தீர்க்கத் தெரிந்த தம்பதியர் மற்றவர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டது தெரியவந்தது.

எமது வீடுகளில் கணக்கை மனைவியிடம் சொல்லும் வழக்கம் குறைவு. "அவளையும் ஏன் கவலப்படுத்தோணும்" என்பது காரணம். எண்ணம் நல்லது. ஆனால் மனைவிக்குத் தெரியாமல் இருப்பது தொகை மட்டுமே. முகம் தெரிகின்றது, அதட்டல் கேட்கின்றது, நகைப்பெட்டி இலேசாகின்றது. காரணம் தெரியாத மனைவி, "என்ன பிழை செஞ்சேன்" என்றோ "வேற ஏதும் சங்கதியோ" என்றோ யோசிக்கத் தொடங்குகின்றார். அறிவித்தலின்றி அடி வாங்கும் நிலைமை இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வைத்து ரீனா ரெபெட்டி 1989 இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இங்கு பொருந்தும். வேலை மிகுந்த நாட்களில் அவர்கள் வீட்டில் ஒதுங்கியே இருந்தனர். வாழ்க்கைத்துணை அதை விளங்கி விட்டுக்கொடுத்த நாட்களில் கோபம் குறைவாக இருந்தது. கடை பூட்டி வந்தவருக்கு அரை மணி நேரம் தேவை என்பது குற்றமல்ல. அதை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதே விடயம். "இண்டைக்கு ஒரு செக் விசயம், உங்களோட ஒண்டுமில்ல, குளிச்சிட்டு வாறன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகும் வாப்பாவின் மௌனமும், ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தும் வாப்பாவின் மௌனமும் பிள்ளைகளுக்கு இரண்டு வேறு சங்கதிகள்.

வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகள் படுத்த பிறகு, அந்த நாட்குறிப்பைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்கலாம். நித்திரைக்குப் போகும் நேரத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்லது. கூடவே வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைத் தீர்மானித்து, அதைச் சம்பளம் போல ஒரே நாளில் கொடுத்துவிட்டால், லாச்சியிலிருந்து அவ்வப்போது எடுக்கும் பழக்கமும், "காசு தாங்க" என்று கேட்கும்போது வரும் முகச்சுளிப்பும் ஒன்றாக நிற்கும். மேற்சொன்ன கணக்கில் ஒரு நாளைக்கு மிஞ்சியது 5,000 ரூபா. மாதத்தில் 26 நாள் என்றால் 130,000 ரூபா. இதற்குள்தான் வீடு நிற்க வேண்டும் என்பதை அறிந்த பெண்மணி செலவைக் குறைக்கும் திறமை, வாப்பாமாரிடம் பொதுவாக இல்லாத ஒன்று.

பிள்ளையின் பரீட்சை யாருடைய பரீட்சை?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு அண்மைய ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தோற்றுகின்றனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. அதாவது பத்து வயதில், ஆறு பிள்ளைகளில் ஐவருக்கு "உன்னால் முடியவில்லை" என்று சொல்லப்படுகின்றது. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கொடுப்பதற்காக வந்த பரீட்சை, இன்று பெற்றோரின் மானப் பரீட்சையாகிவிட்டது. கடையில் இழந்த மரியாதையைப் பிள்ளையின் புள்ளியில் மீட்க நினைக்கும் வாப்பாக்களும் இருக்கின்றனர். "நான் உனக்காகத்தான் இந்தப் பாடுபடுறன்" என்ற வார்த்தை தூண்டுதலாக இருக்கும் என்று எண்ணிச் சொல்லப்படுகின்றது. பிள்ளைக்கு அது இன்னொரு செக், திகதியும் போடப்பட்டிருக்கின்றது.

சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு உதவக்கூடிய ஒரு சிறு முறை உண்டு. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2011 இல் "சயன்ஸ்" சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தமது பயத்தை ஒரு தாளில் எழுதிய மாணவர்கள், வழமையாகப் பரீட்சைக்கு அஞ்சுபவர்களாக இருந்தும், கூடுதலான புள்ளிகளைப் பெற்றனர். ஒரு கொப்பித் தாளும் பேனையும்தான் செலவு. அதைவிட முக்கியம் நித்திரை. இரவு பத்து மணி வரை டியூஷனும் அதிகாலையில் இன்னொரு வகுப்பும் வைத்து, இடையில் கடையிலும் நிற்க வைத்தால், படித்தது மனதில் தங்குவதற்கு நேரமிருக்காது. பரீட்சை ஆண்டில் பின்னேரக் கடைக்குப் பிள்ளையை எடுக்காமல், சீசனுக்கு மட்டும் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது பெரும்பாலான கடைகளுக்குக் கட்டக்கூடிய செலவே.

கடையில் நிற்கும் தம்பி

கராசெக் சொன்ன "வேலை அதிகம், அதிகாரம் இல்லை" என்ற நிலை முதலாளியைவிட ஊழியருக்கே கூடுதலாகப் பொருந்தும். எப்போது சாப்பிடலாம், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது கூடத் தெரியாமல் நிற்பவர் அவர். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்றும், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என்றும் வரையறுத்துள்ளது. விடுமுறை நாளை மாத ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால் முதலாளிக்கு ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. ஊரிலிருக்கும் அவரது உம்மாவுக்கு மகன் எந்த நாளில் வருவான் என்பதாவது தெரிந்திருக்கும்.

வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையில்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, எதிலும் பிடிப்பில்லை, "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்ற எண்ணம் வருகின்றது என்றால், அது நாட்குறிப்பால் தீரும் விடயமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம். ஆதார வைத்தியசாலைகள் பலவற்றில் மனநல சிகிச்சைப் பிரிவும் உண்டு. "கடைக்காரர் அங்க போறார்" என்று ஊர் கதைக்கும் என்ற பயம் இருந்தால், சரக்கு எடுக்கப் போகும் நாளில் வேறு ஊரிலுள்ள வைத்தியரைப் பார்க்கலாம்.

"கேஸ்ட்ரைட்டிஸ்" என்று நாம் சொல்லும் வருத்தம் பற்றியும் ஒரு சொல். இரைப்பைப் புண் கவலையால் மட்டும் வருகின்றது என்பது பழைய எண்ணம். பெரும்பாலானவற்றுக்கு ஒரு வகை பக்டீரியாவோ வலி மாத்திரைகளோ காரணம். அந்த பக்டீரியாவைக் கண்டுபிடித்த இரு அவுஸ்திரேலியருக்கு 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே மாதக்கணக்கில் ஃபார்மசியில் வாங்கிக் குடிக்காமல் பரிசோதிக்க வேண்டும். நெஞ்சின் நடுவில் இறுக்கம், அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் என்பன வந்தால் சோடா குடித்துவிட்டுக் கடையில் படுப்பது உயிராபத்து. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பிலும் வலி குறைவாகவே தெரியலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; கடையைப் பூட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.